வெறும் வயிறு என்றால் வெறும் தண்ணீருக்கும் தடை என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

இரத்தப் பரிசோதனைக்குத் திருகோணமலை நகரத்துக்கு வருகிறவர்கள் குச்சவெளியிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் விடியப்புறமே பஸ் ஏறுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லி அனுப்பப்படுவது ஒரே வசனம்: "வெறும் வயிற்றோடு வாருங்கள்." முதல்நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர், அதற்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல், காலைப் பிறஷர்க் குளிசையையும் போடாமல், ஒன்பது மணிவரை வரிசையில் நிற்கிறார். ஊசி ஏறிக் குழாயில் இரத்தம் வரும்போது கண் இருண்டு சாய்கிறார். "இரத்தத்தைக் கண்டு பயந்துவிட்டார்" என்று சொல்லி முகத்தில் தண்ணீர் தெளிக்கிறோம். பயமும் ஒரு காரணம்தான். ஆனால் முகத்தில் தெளித்த அந்தத் தண்ணீரை அரை மணித்தியாலத்துக்கு முன் குடிக்கக் கொடுத்திருந்தால் பலர் விழுந்திருக்கவே மாட்டார்கள்.

சீனிப் பரிசோதனைக்கும் கொழுப்புப் பரிசோதனைக்கும் வெறும் வயிறு என்பது சோறு, பாண், பால், தேத்தண்ணி, இளநீர், சோடா எதுவும் உள்ளே போகக்கூடாது என்பதுதான். சாதாரண தண்ணீருக்கு அதில் தடை இல்லை. தண்ணீரில் சீனியும் இல்லை, கொழுப்பும் இல்லை. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு முன் இருக்கச் சொல்லும் பட்டினி வேறு. அதன் நேரக் கணக்கு வேறு, அங்கே சொல்லப்பட்டபடிதான் நடக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் இத்தனை மயக்கங்களுக்கும் வழி. சூடான வறண்ட கச்சான் காற்று அடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில் இது இன்னும் கூடும்.

தண்ணீர் குடிப்பதற்கும் மயங்கி விழுவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், "உடம்பில் நீர் குறைந்தால் இரத்தம் குறையும்" என்ற பதில்தான் வரும். அது பாதி உண்மை. மற்றப் பாதி நரம்புகளில் இருக்கிறது. இங்கே ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை" என்று நாம் சொல்லும்போது அது இரத்த நாளம். நான் சொல்வது உண்மையான நரம்பு: இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் மூளையிலிருந்து நாம் அறியாமலே கட்டளை கொண்டு போகிற தன்னாட்சி நரம்புத் தொகுதி.

நாம் எழுந்து நின்றவுடன் 500 முதல் 700 மில்லிலீற்றர் வரையான இரத்தம் வயிற்றுப் பக்கமும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருநாடியிலும் உள்ள அழுத்த உணரிகள் அதை உடனே கண்டு மூளைக்கு அறிவிக்க, அந்தத் தொகுதியில் உடம்பை முடுக்கிவிடும் பகுதியான பரிவு நரம்புகள் இரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகப்படுத்தி, அமுக்கத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றன. எல்லாம் சில விநாடிகளில் முடியும் வேலை. நெடுங்காலச் சீனி வருத்தம், பாக்கின்சன் நோய், முதுமை, சில மருந்துகள் ஆகியவை இந்த நரம்புகளைப் பழுதாக்கும்போது அல்லது மந்தமாக்கும்போதுதான் எழும்பியவுடன் தலை சுற்றுகிறது.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. தன்னாட்சி நரம்புகள் பழுதானவர்கள் ஏறத்தாழ 480 மில்லிலீற்றர் குழாய்த் தண்ணீரை ஒரே தடவையில் குடித்தபோது, அவர்களின் மேல் அமுக்கம் சராசரியாக 30 மில்லிமீற்றர் இரசத்துக்கும் மேலாக ஏறியது. ஐந்து நிமிடத்துக்குள் ஏறத் தொடங்கி, 30 அல்லது 35 நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றது. நோயற்ற முதியவர்களிடம் ஏறியது 11 மில்லிமீற்றர் அளவு. நோயற்ற இளைஞர்களிடம் அமுக்கம் ஏறவில்லை. ஆனால் அவர்களின் இரத்தத்திலும் பரிவு நரம்புகள் சுரக்கும் நோரட்ரினலின் கூடியது. அதாவது பரிவு நரம்புகள் அவர்களிடமும் விழித்துக்கொண்டன, சரியாக வேலைசெய்யும் அழுத்த உணரிகள் அதைச் சமப்படுத்திவிட்டன.

இரத்தத்தின் அளவு கூடியதால் வந்த ஏற்றம் இது என்றால், அந்த நேரத்தில் இரத்தத் திரவத்தின் அளவு கூடியிருக்க வேண்டும். அப்படிக் கூடவில்லை. நரம்புச் செய்தியை இடைமறிக்கும் மருந்தைக் கொடுத்தபோது இந்த ஏற்றம் ஏறக்குறைய இல்லாமலே போனது. இது நரம்பு வழியாக நடக்கும் வேலை என்பது அதனால் தெளிவானது. தண்ணீரின் குளிர்ச்சியும் சூடும் காரணமல்ல. பின்வந்த ஆய்வுகள் காட்டியது இது: குடித்த தண்ணீர் குடலிலிருந்து உறிஞ்சப்பட்டு ஈரலுக்குப் போகும் வாயில் நாளத்தில் இரத்தத்தின் செறிவைச் சற்றுக் குறைக்கிறது. அங்குள்ள உணர் நரம்புகள் அந்த நீர்த்தலை உணர்ந்து பரிவு நரம்புகளைத் தட்டி எழுப்புகின்றன. உடம்பின் செறிவுக்கு ஒத்த உப்புக் கரைசலால் இந்த வேலை ஆகாததற்குக் காரணம் இதுதான். எழும்பியவுடன் தலை சுற்றுகிறவருக்கு நாம் ஓடிப்போய்ச் சோடாவும் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியும் கலக்குகிறோம். அந்த நேரத்துக்கு வேகமாகக் கைகொடுப்பது வெறும் தண்ணீர்.

யாருக்கு இது தேவை என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். மேற்கையில் கட்டும் பிறஷர்க் கருவி இருந்தால், ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருந்து ஒரு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து நின்று, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளவுங்கள். அளக்கும்போது கை இதயத்தின் உயரத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். தொங்கவிட்ட கை உண்மையைவிடக் கூட்டிக் காட்டும், விழுந்த அமுக்கத்தை மறைத்துவிடும். மேல் அமுக்கம் 20 அல்லது கீழ் அமுக்கம் 10 குறைந்திருந்தால் அது எழும்பும்போது அமுக்கம் விழும் வருத்தம். பக்கத்தில் ஒருவர் நிற்காமல் இதைச் செய்யக்கூடாது.

இப்படி விழுகிறவர்கள் காலையில் கட்டிலை விட்டு எழுமுன், கட்டிலிலேயே சாய்ந்து உட்கார்ந்து அரை லீற்றர் தண்ணீரை மூன்று நான்கு நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். 200 மில்லிலீற்றர் கிளாஸ் என்றால் இரண்டரைக் கிளாஸ். மிடறு மிடறாக ஒரு மணித்தியாலம் இழுத்துக் குடித்தால் தாகம் தீரும், அமுக்கம் ஏறாது. குடித்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துக் காலைத் தொங்கப்போட்டு, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டி, பிறகு எழும்பலாம். எழும்பியும் கண் இருளுமானால் ஒரு காலை மற்றக் காலின் முன் குறுக்கே வைத்துத் தொடைகளையும் பிட்டத்தையும் இறுக்கிக்கொண்டு நின்றால் இறங்கிய இரத்தம் மேலேறும். அதுவும் போதாதென்றால் வெட்கப்படாமல் தரையில் அமர்ந்துவிட வேண்டும். மத்தியானம் வயிறு முட்டச் சோறு சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் தள்ளாடுகிறவர்கள் பலர். சாப்பாட்டைச் செரிக்க இரத்தம் குடலுக்குத் திரும்புவதால் வருவது அது. சாப்பாட்டுக்குச் சற்று முன் அதே அளவு தண்ணீர், பிறகு சோற்றைக் குறைத்து இரண்டு வேளையாகப் பிரித்தல், இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் அடங்கும்.

இரவில் இந்த வழி கூடாது. அதே நரம்புப் பழுதுள்ளவர்களுக்குப் படுத்தவுடன் அமுக்கம் மிதமிஞ்சி ஏறும். படுக்கப் போவதற்கு முன் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அரை லீற்றர் குடித்துவிட்டுப் படுத்தால் அந்த ஏற்றத்தோடு இதுவும் சேரும். நடு இரவில் சலம் கழிக்க எழும்பி இருட்டில் விழுந்து இடுப்பு எலும்பு உடையவும் அது வழிவைக்கும்.

இரத்ததான முகாம்களிலும் இதே அரை லீற்றர்தான். கொடுப்பதற்கு முன் அரை மணித்தியாலத்துக்குள் குடித்தால் மயக்கம் குறைகிறது என்பது இளம் கொடையாளர்களிடம் சோதித்துப் பார்க்கப்பட்ட விடயம். கொடுத்து முடிந்த பிறகு பழச்சாறு தருகிறோம், நல்லது. ஆனால் முன்னே தரவேண்டிய தண்ணீரை மறந்துவிடுகிறோம்.

இனி மறுபக்கம். "காலையில் வெறும் வயிற்றில் நான்கு கிளாஸ் தண்ணீர் குடித்தால் பிறஷர் இறங்கும், குளிசை தேவையில்லை" என்ற குறிப்பு வட்ஸ்அப்பில் வலம் வந்துகொண்டே இருக்கிறது. மேலே எழுதியதைப் படித்தவர்களுக்கு இது தலைகீழ் என்பது புரிந்திருக்கும். ஒரே தடவையில் குடிக்கும் தண்ணீர் முதியவரின் அமுக்கத்தைச் சில நிமிடங்களுக்குள் கூட்டலாமே தவிர, உயர் குருதியமுக்கத்தை இறக்கும் மருந்தல்ல. போதுமான தண்ணீர் குடிப்பது எல்லோருக்கும் நல்லது. நீர் வற்றினால் இரத்தச் செறிவு ஒன்று இரண்டு வீதம் கூடியதுமே மூளையின் ஹைப்போதலமஸ் அதை உணர்ந்து தாகத்தையும் வாசோபிரசின் என்ற ஹோர்மோனையும் கிளப்பிவிடுகிறது. அந்த வாசோபிரசின் சிறுநீரைச் சுருக்குவதோடு இரத்தக் குழாயையும் இறுக்கும். ஆனால் இதை வைத்துக்கொண்டு அம்லோடிபினையோ லொசாட்டனையோ நிறுத்துவது பாரிசவாதத்தை வீட்டுக்கு அழைப்பது.

அளக்கும்போதும் இது கணக்கில் வரும். அரை லீற்றர் குடித்து அரை மணித்தியாலத்தில் அளந்தால் முதியவருக்குப் பத்துப் பதினொன்று அளவு கூடிக் காட்டக்கூடும். குடித்த தண்ணீர் சலப்பையில் நிறைந்து முட்டிக்கொண்டிருந்தால் அதுவும் கூட்டும். ஆகவே இரத்தம் கொடுக்க முன் தண்ணீர் குடித்தவர், பிறஷர் பார்க்கும் மேசைக்கு வருமுன் சலம் கழித்து, ஐந்து நிமிடம் பேசாமல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். கூடக் காட்டினால் குடித்த நேரத்தைத் தாதியிடம் சொல்லி, இன்னொரு முறை அளக்கக் கேளுங்கள்.

குடிக்கும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை நம் கரையோரங்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மணலுக்குள் நன்னீர் உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கோடையில் மோட்டரைப் போட்டு விறுவிறென்று இறைத்தால் கீழுள்ள உப்பு மேலேறிக் கிணறு சவராகிவிடும். ஒரு லீற்றரில் 250 மில்லிகிராம் குளோரைட்டு வந்ததும் நாக்கு அதை உணரத் தொடங்கும் என்றாலும், பழகிய நாக்குக்குத் தெரியாது. லீற்றருக்கு 600 மில்லிகிராம் குளோரைட்டு என்றால், அது முழுவதும் கறியுப்பாக இருக்குமிடத்து, ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு. கச்சான் நாளில் மூன்று லீற்றர் குடிக்கிற மீனவருக்கு அது மூன்று கிராம். ஒரு நாளைக்கு எல்லாவற்றிலும் சேர்த்து ஐந்து கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாடும் சம்பலும் ஊறுகாயும் மிச்ச இரண்டு கிராமுக்குள் அடங்குமா? வங்காளதேசத்தின் கரையோரமான டாகோப் பகுதியில் கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வில், குடிதண்ணீரின் உப்புக் கூடக்கூட அவர்களின் உயர் குருதியமுக்கமும் கூடியது கண்டறியப்பட்டது. கிளினிக்கில் உப்பைக் குறை என்று சொல்லும்போது கிணற்றையும் விசாரிக்க வேண்டும்.

இதில் மூன்று குழப்பங்கள் இருக்கின்றன. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது கல்சியமும் மக்னீசியமும், அதற்கும் பிறஷருக்கும் சம்பந்தமில்லை. கந்தளாய்க் குளத்து நீராக வரும் குழாய்த் தண்ணீரில் மணக்கும் குளோரின் கிருமிக்குப் போட்டது, அது உப்பல்ல. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. ஆவியாகிக் குறைந்த தண்ணீரில் உப்பு இன்னும் செறிவாகத்தான் இருக்கும். உப்பை எடுக்க ஆர்.ஓ. எனப்படும் மென்சவ்வு வடிகட்டி போன்றவை வேண்டும். கிணற்று நீரை மாரி முடிந்ததும் ஒரு முறை, ஆவணியில் ஒரு முறை என இரு தடவை ஆய்வுகூடத்தில் கொடுத்து, குளோரைட்டையும் சோடியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பெப்ரவரியில் மட்டும் பார்த்துவிட்டு நல்ல தண்ணீர் என்று வருடம் முழுக்க நம்புவது சரியல்ல. தண்ணீரில் நுரைத்துக் கரையும் பரசிற்றமோல் குளிசைகளிலும் ஒன்றுக்கு 400 மில்லிகிராம் அளவு சோடியம் உண்டு என்பதையும் பிறஷர்காரர் நினைவில் வைக்க வேண்டும். விழுங்கும் குளிசையில் அது இல்லை.

அளவுக்கு மீறிய தண்ணீர் நரம்பை வேறுவிதமாகத் தாக்கும். தம்பலகாமத்தில் சிறுபோக அறுவடையில் நிற்கிறவருக்கு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வரை வியர்க்கலாம், வியர்வையோடு சோடியமும் போகும். அதை வெறும் தண்ணீரால் மட்டும் ஆறு ஏழு லீற்றர் என்று ஈடுசெய்தால் இரத்தச் சோடியம் லீற்றருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கலாம். இரத்தம் நீர்த்துப்போக, தண்ணீர் மூளைக் கலங்களுக்குள் புகுந்து வீங்கச் செய்யும். தலையிடி, ஓங்காளம், தடுமாற்றமான பேச்சு, கடைசியில் வலிப்பு. வெய்யில் பட்டதென்று நினைத்து இன்னும் தண்ணீர் பருக்குவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. பேச்சுத் தடுமாறினால் உடனே ஆஸ்பத்திரி. ஹைட்ரோகுளோரோதயசைட், இன்டபமைட் போன்ற சலம் போக்கும் குளிசை எடுக்கும் முதிய பெண்கள் வயலில் நிற்காமலே, வீட்டில் தண்ணீரைக் கூட்டிக் குடித்தே இந்த நிலைக்கு வரலாம். வயலுக்கு நம் முன்னோர் கொண்டுபோன உப்புக் கஞ்சியும் பழஞ்சோற்றுத் தண்ணியும் மோரும் இந்தக் கணக்கைச் சரியாகவே போட்டவை. ஒரு மணித்தியாலத்துக்கு முக்கால் லீற்றருக்கு மேல் குடிக்காமல், நடுவில் ஒரு சட்டிக் கஞ்சி என்றிருந்தால் போதும்.

வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூளான ஜீவனியைப் பற்றியும் எழுத வேண்டும். ஒரு பைக்கற் முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதித் தூளைக் கிளாஸ் தண்ணீரில் போட்டால் உப்புச் செறிவு கூடி உடம்பிலிருந்தே குடலுக்குள் நீரை இழுக்கும். 24 மணித்தியாலம் கடந்த மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். ஒரு லீற்றரில் 1.7 கிராம் அளவு சோடியம் இருக்கிறது. வயிற்றோட்டத்துக்கு அது உயிர் காக்கும். வெறும் களைப்புக்குச் சர்பத் போல நாளும் குடிக்கிற பிறஷர்காரருக்கு அது கூடாது.

வயிற்றோட்டமும் வாந்தியும் வந்த நாளில் பிறஷர்க் குளிசைகளான எனலாப்ரில் அல்லது லொசாட்டன், சலம் போக்கும் குளிசை, இவற்றோடு மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிய டைக்குளோபினாக் மூன்றும் சேர்ந்தால், நீர் வற்றிய சிறுநீரகம் ஓரிரு நாளிலேயே நின்றுபோகலாம். வலிக் குளிசையை அன்றே நிறுத்துங்கள். மற்ற இரண்டையும் பற்றி அன்றே மருத்துவரைக் கேளுங்கள், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். நோன்பு பிடிக்கும் கிண்ணியா, மூதூர் மக்கள் குளிசை நேரத்தை ரமழானுக்கு முன்பே கிளினிக்கில் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். சலம் போக்கும் குளிசையைச் சஹரில் போட்டுவிட்டுப் பகல் முழுக்கக் காய்வது ஆபத்து. புரஸ்டேற்றுக்கும் பிறஷருக்கும் பிரசோசின் தொடங்கியவர்கள் முதல் குளிசையைப் படுக்கும்போது போட வேண்டும், எழும்பும்போது நின்று நிதானிக்க வேண்டும். இதயப் பலவீனம் உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும், பதவி ஸ்ரீபுரப் பக்கம் அந்த நோயோடு வாழ்கிறவர்கள் உட்பட, மருத்துவர் சொன்ன நீரளவுதான் அளவு. மேலே சொன்ன அரை லீற்றர் அவர்களுக்கல்ல.

கடைசியாக, பெண்கள் ஏன் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "அங்கே போனால் எங்கே போவது?" என்பார்கள். பூட்டிய மலசலகூடம், தண்ணீரில்லாத மலசலகூடம், தாழ்ப்பாளில்லாத மலசலகூடம். பஸ் நிலையத்திலும் சந்தையிலும் காத்திருக்கும் இடங்களிலும் இதே கதைதான். இதைச் சரிசெய்யாமல் தண்ணீர் குடியுங்கள் என்று நாம் சொல்வது அவர்கள் காதில் ஏறாது. இரத்தம் எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும், அரசாங்கமோ தனியாரோ, கொதித்தாறிய தண்ணீர்த் தாங்கி ஒன்றும், உள்ளிருந்து பூட்டக்கூடிய மலசலகூடம் ஒன்றும் காலை ஆறு மணிக்கே திறந்திருக்க வேண்டும்.

துண்டுச் சீட்டில் "வெறும் வயிற்றோடு" என்ற இரண்டு சொல்லுக்குப் பதிலாகக் கீழுள்ளதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுமாறு பொறுப்பானவர்களை இப்பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்:

"இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உணவு, தேத்தண்ணி, பால், இளநீர், சோடா வேண்டாம். சாதாரண தண்ணீர் குடிக்கலாம். வீட்டிலிருந்து புறப்படும்போதும் இரத்தம் கொடுப்பதற்கு அரை மணித்தியாலம் முன்னரும் ஒன்றிரண்டு கிளாஸ் குடிக்கவும். நீரளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் தங்கள் அளவை மீற வேண்டாம். மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் பிறஷர்க் குளிசையைத் தண்ணீரோடு வழமைபோலப் போடவும். சீனி வருத்தக் குளிசையையும் இன்சுலினையும் இரத்தம் கொடுத்த பின் சாப்பாட்டோடு எடுக்கவும். முன்னர் மயங்கி விழுந்தவர் என்றால் முதலிலேயே சொல்லவும், உங்களைப் படுக்க வைத்து இரத்தம் எடுப்போம்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.